ஒரு பக்க மூக்கடைப்பை அலட்சியப்படுத்த வேண்டாம்

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சளியும் சைனஸும் எட்டிப்பார்க்காத வீடு நம் மஹல்லாவில் இல்லை. பெரும்பாலும் அவை சில நாட்களில் குணமாகிவிடும். ஆனால் மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோயும் ஆரம்பத்தில் சளியைப் போலவேதான் இருக்கும். இது மிக அரிதான நோய். ஆகவே மருத்துவர் முதலில் சளிக்கு மருந்து கொடுப்பதில் தவறில்லை. அந்த மருந்து கேட்காதபோதும் பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி மாதக்கணக்கில் வாங்குவதுதான் ஆபத்து.

எப்படிப் பிரித்தறிவது? சளி பொதுவாக இரு பக்கமும் அடைக்கும், அல்லது பக்கம் மாறி மாறி அடைக்கும். கட்டி பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நிலைத்து, வாரக்கணக்கில் நீடிக்கும். அந்தப் பக்கம் ரத்தம் கலந்த சளி வரலாம். கன்னம் மரத்துப்போவது, மேல்பல் ஆடுவது, கண் பிதுங்குவது, பார்வை இரட்டையாவது, கழுத்தில் கட்டி தோன்றுவது ஆகியவையும் எச்சரிக்கைகளே.

நாம் தினமும் ஒளுவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சுத்தம் செய்கிறோம். ஒரே பக்கம் அடைத்தே இருக்கிறதா, சிந்தும்போது ரத்தம் வருகிறதா என்று அப்போதே கவனியுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.

தச்சுப் பட்டறையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்வோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மரத்தூளும் தோல் தூளும் மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்துள்ளது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும். தூள் பறக்கும் இடத்தில் முகக்கவசம் அணியுங்கள்.

மருத்துவர் மூக்கினுள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார். தேவைப்பட்டால் சிறிது சதை எடுத்துப் பயாப்சி செய்வார். "சதையை எடுத்தால் நோய் பரவிவிடும்" என்று பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். பயாப்சி இல்லாமல் அது என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாது; தாமதத்தில்தான் நோய் வளரும். மூக்கில் வரும் ஒருவகை லிம்போமாவில் முதல் பயாப்சியில் வெறும் புண் என்றே முடிவு வரலாம். தொல்லை தொடர்ந்தால் மறுபடியும் பரிசோதிக்கக் கேளுங்கள்.

செலவுக்கு அஞ்சி யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வழி தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், கூடவே வருகிறோம். மருத்துவம் செய்துகொள்வதும் நமக்குக் காட்டப்பட்ட வழிதான். அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.