பாலும் அளவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழர் எவ்வூரில் குடியேறினும் முதலில் விசாரிப்பவை இரண்டு: ஒன்று, பக்கத்தில் கோயில் உண்டா என்பது, மற்றொன்று, காப்பிக்கு நல்ல பால் கிடைக்குமா என்பது. நாம் வாழும் இக்குஜராத் மாநிலத்தில் இரண்டாவது கேள்விக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. விடியுமுன் வாயிலுக்குப் பால் வந்துவிடுகிறது. எளிதாகக் கிடைக்கும் பொருளின் வரலாற்றை எவரும் கேட்பதில்லை. ஆயினும் இந்த எளிமை ஓர் அரிய போராட்டத்தின் பயன். அதனை அறிவது, இம்மண்ணின் உப்பைத் தின்னும் நமக்குக் கடமையாகும்.

1945-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கேடா மாவட்டத்திலிருந்து பால் வரவேண்டும். அதனைத் திரட்டும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. பாலின் விலையைச் சொல்லும் உரிமை மாடு வளர்த்தவனுக்கு இல்லை. காலை கறந்த பால் மாலைக்குள் கெட்டுவிடும். ஆகவே, கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை.

உழவர்கள் சர்தார் பட்டேலிடம் முறையிட்டனர். நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கூறிய அறிவுரை. 1946 சனவரியில் சமர்க்கா என்னும் ஊரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் உழவர்கள் கூடி உறுதி பூண்டனர். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பாலும் வணிகருக்குப் போகவில்லை. அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு பெற்றது. அதன் தலைமையை ஏற்றவர் திரிபுவன்தாஸ் பட்டேல். 1948-இல் இரண்டு கிராமச் சங்கங்களின் பாலைக் கொண்டு வேலை தொடங்கியபோது, நாள் ஒன்றுக்கு 250 லிட்டர் அளவே சேர்ந்தது.

மறு ஆண்டு ஆனந்த் நகருக்கு ஓர் இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். அவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். பிழைப்பின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து வடக்கே வந்து, வந்த மண்ணைத் தம் மண்ணாக்கிக்கொண்ட ஒருவரை நாம் நினைவுகூர்வது பொருத்தமே.

அந்நாளில் ஒரு பெருந்தடை இருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். கோடையில் பால் வற்றும். மிகுந்த பாலைப் பொடியாக்கி வைத்தாலன்றி இழப்பே மிஞ்சும். எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு அறிஞர் பலர் கூறினர். தலாயா என்னும் பால்துறை வல்லுநர் அதனைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ஆம் நாள் ஆனந்த் பால்பொடி ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

எனினும், இவ்வெற்றிக்கு ஆலையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுவே நேர்மையான அளவு. பால்மானியை நாம் அறிவோம். நீர் கலந்தால் அது காட்டிக்கொடுக்கும் என்று நம்புகிறோம். ஆனால், கொழுப்பு நீரினும் இலேசானது. வெண்ணெயை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். பிறகு நீர் ஊற்றினால் பழைய அளவுக்கே இறங்கும். இரண்டு திருட்டும் ஒன்றையொன்று மறைக்க, பால்மானி ஏமாந்து நிற்கும். ஆகவே கிராமச் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலிலும் சிறிது மாதிரி எடுத்து, கொழுப்பை அளந்து, அதற்கேற்பப் பணம் தரும் முறை வந்தது. காலையும் மாலையும் வரிசையில் நிற்பவர் எந்தச் சாதியார், எத்தனை மாடு உடையவர் என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. ஒரே எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே அளவுகோல். நேர்மையாக அளக்கப்படுகிறது என்ற நம்பிக்கை பிறந்த பின்னரே நல்ல பால் தரும் ஊக்கமும் பிறந்தது.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேடா மாவட்டக் கிராமம் ஒன்றில் இரவு தங்கி இம்முறையை நேரில் கண்டார். அதன் பயனாக 1965-இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிற்று. ஐரோப்பிய நாடுகள் கொடையாக அளித்த பால்பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் இலவசமாக வாரி வழங்காமல், பாலாக்கி நகரங்களில் விற்று, அப்பணத்தைக் கொண்டே நம் நாட்டுப் பால் தொழிலை வளர்த்தனர். 1950-51-இல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி 2023-24-இல் ஏறத்தாழ 23.9 கோடி டன்னாயிற்று. 1998 முதல் உலகில் முதலிடம் நமக்கே. தமிழ்நாட்டில் நம் உறவினர் வாங்கும் ஆவின் பாலும் இவ்வழி வந்ததே.

குறையும் உண்டு; அதனை மறைத்தல் அழகன்று. புல் அறுப்பதும், சாணம் அள்ளுவதும், பால் கறப்பதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. ஆனால், பல ஊர்களில் சங்க உறுப்பினர் பெயரும் பணமும் ஆண்களுடையன. பெண்களே நடத்தும் பால் சங்கங்கள் இன்று தோன்றியிருப்பது நற்செய்தி; எனினும் அவை இன்னும் பெருகவேண்டும். உழைத்தவர் கையில் கூலி சேராத அளவு நேர்மையான அளவாகாது.

இனி, நம் வீட்டு அளவைப் பார்ப்போம். அமுதுக்கும் அளவு சொன்ன பழமொழி நம்முடையது. பாலில் சுண்ணாம்புச்சத்தும் நல்ல புரதமும் உள்ளன. புலால் உண்ணாத குடும்பங்களுக்கு வைட்டமின் பி12 தரும் இயற்கை உணவு பெரும்பாலும் பாலும் தயிருமே. ஆனால், பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. முதல் ஆறு திங்கள் குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்; ஓராண்டு நிறையுமுன் பசும்பாலோ எருமைப்பாலோ தாய்ப்பாலுக்கு மாற்றாகாது. அதன் பின்னரும், சோறுண்ண மறுக்கும் குழந்தைக்குப் பாலையே மீண்டும் மீண்டும் புகட்டினால், வயிறு நிறையும்; இரத்தம் குறையும்.

பெரியவர் சிலருக்குப் பால் அருந்தினால் வயிறு உப்பும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குழவிப் பருவத்துக்குப் பின் பலருக்குக் குறைகிறது. தென்னாட்டவரிடையே இது மிகுதி. அவர்களுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அச்சர்க்கரையில் ஒரு பகுதியை உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் முன்னரே உண்டுவிடுகின்றன. நம் மோருக்கும் குஜராத்தியரின் சாஸுக்கும் உள்ள உறவு நாவின் உறவு மட்டுமன்று, வயிற்றின் உறவுமாகும்.

பாக்கெட்டில் அச்சிட்டுள்ள கொழுப்பு அளவையும் தேதியையும் படியுங்கள். முழுக்கொழுப்புப் பாலில் 6 விழுக்காடு, சமன்செய்த பாலில் 3 விழுக்காடு, இருமுறை சமன்செய்த பாலில் 1.5 விழுக்காடு கொழுப்பு இருக்கவேண்டும் என்பது விதி. ஓடியாடும் சிறுவனுக்கு ஏற்ற பால், இதய நோயுள்ள பாட்டனாருக்கு ஏற்றதாகாது. நெய்யையும் கரண்டியால் அளந்தே இடுங்கள். பாக்கெட்டில் அடைக்காமல் விற்கும் பாலை வாங்குவோர் பொங்கக் காய்ச்சாமல் அருந்தலாகாது. எங்கே கறந்தது என்று தெரியாத பாலை, விலை மலிவு என்பதற்காக மட்டும் வாங்குதல் தகாது. நாம் கேட்கும் மலிவே கலப்படத்துக்கு அழைப்பாகிவிடலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விடுமுறையில் நம் பிள்ளைகளை ஆனந்துக்கு அழைத்துச் செல்வோம். ஆலையைக் காட்டினால் மட்டும் போதாது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை வேளையில் பால் ஊற்றும் வரிசையையும் காட்டுவோம். தலையில் பாத்திரத்துடன் வரும் அன்னையர் தம் பாலின் அளவைத் தாமே பார்த்துச் சரிபார்த்துச் செல்வதை அவர்கள் காணட்டும். நேர்மையாக அளக்கும் நாட்டில் வறியவனும் தலைநிமிர்ந்து நிற்பான் என்னும் பாடத்தை அவ்வரிசை அவர்களுக்குக் கற்பிக்கும்.