போர்த்தும் தானம்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் கொண்டாடுவது தானத்தின் திருநாள். ஆதிபகவன் விருஷபதேவர் துறவு பூண்டபின் ஆகாரம் நாடி ஊர்தோறும் எழுந்தருளியபோது, மக்கள் பொன்னும் மணியும், யானையும் குதிரையும் கொணர்ந்து நீட்டினர். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் முனிவர்க்கு வேண்டுவது யாது, அதனை அளிக்கும் முறை யாது என்பதை அறிந்தவர் எவருமிலர். மாதங்கள் பல கழிந்தன. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் அம்முறையை உணர்ந்து கருப்பஞ்சாறு அளித்தான். கொடுக்கும் மனத்தோடு கொடுக்கும் அறிவும் சேர வேண்டும் என்பதே இந்நாள் நமக்குத் தரும் பாடம்.

தானத்தின் பயன் விதி, திரவியம், கொடுப்பவர், பெறுபவர் என்னும் நான்கால் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறது. இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, கடல் கடந்த நாட்டில் நிகழும் ஒரு பணியை நோக்குவோம்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வாழ்ந்த கேத்தரின் ராபர்ட்ஸ் என்னும் அம்மையாரின் மகன் 2003ஆம் ஆண்டில் படைவீரராக ஈராக்கில் இருந்தார். அந்நாளில் அத்தாய் ஒரு கனவு கண்டார். நள்ளிரவில் ஓர் இளைஞன் கட்டிலின் ஓரத்தில் குனிந்து, நம்பிக்கை இழந்து அமர்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அவன்மேல் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை சுற்றப்பட்டிருக்கிறது. அவன் முகத்தில் தெளிவு பிறக்கிறது. இக்கனவே 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்னும் தொண்டாக மலர்ந்தது. முதல் போர்வை அவ்வாண்டு நவம்பரில் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், போரில் கால் இழந்த ஓர் இளம் வீரருக்கு அளிக்கப்பட்டது. இன்றுவரை 3,00,000க்கும் மேற்பட்ட போர்வைகள் இவ்வாறு சென்று சேர்ந்துள்ளன.

இதன் வேர் இன்னும் பழையது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அந்நாட்டு உள்நாட்டுப் போரில், காயமுற்றோருக்கென மகளிர் போர்வைகள் தைத்துச் சுகாதார ஆணையத்தின் வழியாக அனுப்பினர். அந்தப் பழைய வடிவத்தைப் பின்பற்றி, 2004இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மற்றொரு குழு, போரில் மகனையோ கணவனையோ இழந்த குடும்பங்களுக்குப் போர்வை தைத்து அளித்தது.

இப்போது நான்கு அளவுகோல்களுக்கு வருவோம். திரவியம் பருத்தித் துணி. சிறு துண்டுகளை இணைத்து மேல் துணி உருவாகிறது, நடுவே மெத்தென்ற பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடுகிறது. அளவு ஏறத்தாழ 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். வளர்ந்த மனிதனை முழுதும் மூடப் போதுமானது. கொடுப்பவர் பலர்: ஒருவர் துண்டு வெட்டுவார், ஒருவர் இணைப்பார், ஒருவர் பெரிய பொறியில் தைப்பார், ஒருவர் விளிம்பு கட்டுவார். பெறுபவர் பெயரும் தைத்தவர் பெயரும் அடித்துணியில் சிறு சீட்டாகத் தைக்கப்படும். விதியும் உண்டு. பொட்டலமாகக் கையில் திணித்துச் செல்வதில்லை. வீரரை எழுந்து நிற்கச் செய்து, தோளைச் சுற்றிப் போர்த்துகின்றனர். வியத்நாம் போரிலிருந்து திரும்பியபோது வரவேற்பார் இன்றி வீடு சேர்ந்தவர்கள், பல பத்தாண்டுகளுக்குப் பின் முதுமையில் இப்போர்வையைப் பெறுகின்றனர்.

நான்காவது அளவுகோலாகிய பெறுபவரிடத்தில்தான் நமக்கு ஐயம் எழும். அஹிம்சையை உயிராகக் கொண்ட நாம், ஆயுதம் ஏந்தியவருக்கு அளிப்பதைப் போற்றலாமா? நம் இளைஞர்கள் கேட்கத்தக்க வினா இது. மூத்தோர் விடை கூறவும் வேண்டும்.

நம் ஆசிரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்தனர். இல்லறத்தார் முற்றும் விடவேண்டியது, வேண்டுமென்றே கொல்லும் சங்கல்பி ஹிம்சை. தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சை அவர்க்கு முழுதும் விலக்கப்படவில்லை. ஆயினும் அதுவும் வினையே, குறைத்துக்கொள்ள வேண்டியதே. எனவே போர் நன்று என்று நாம் சொல்ல இயலாது. போர்வையும் அப்படிச் சொல்லவில்லை.

இதனைத் தெளிவிக்க மற்றொரு பாகுபாடு உண்டு. முனிவர் முதலிய நல்லோர்க்குப் பக்தியுடன் அளிப்பது பாத்திரதத்தி. துன்புற்ற உயிர்க்கு இரங்கி அளிப்பது தயாதத்தி. முன்னதில் பெறுபவர் குணம் நோக்கப்படும். பின்னதில் அவரது துன்பமே தகுதி. காலிழந்தவர், உறக்கத்தில் அலறி எழுபவர், மகனை இழந்த தாய் ஆகியோர் முன் எந்தப் போர் நியாயமானது என்று விசாரணை நடத்துவது கருணையன்று. அச்சம் கொண்ட உயிர்க்கு அச்சம் நீக்குவதை அபயதானம் என்கிறோம். நள்ளிரவில் அஞ்சி அமர்ந்தவன் தோளில் விழும் போர்வை அத்தகையதே.

நாம் செய்யக்கூடியது என்ன? நம் குடும்பங்கள் வாழும் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பலர் படையில் சேர்ந்துள்ளனர். அவர்களின் முதியோரும் கைம்பெண்களும் நம் அண்டை வீட்டார். நம் இல்லங்களில் நூல் புடைவைகளும் தையல் எந்திரங்களும் உள்ளன. பட்டும் கம்பளியும் சேராமல் பருத்தியிலேயே நாம் தைக்கலாம். ஆனால் தைக்கும் முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகி, யாருக்கு எது தேவை என்று கேட்டறிய வேண்டும். நம் வெயிலுக்குக் கனத்த போர்வை பயன்படாது. மெல்லிய ஈரிழைப் போர்வையே உதவும். ஒருவேளை அவர்களுக்குத் தேவை போர்வையே அன்று, மருத்துவமனைக்கு உடன் வரும் ஒரு துணையாகவும் இருக்கலாம். அப்படியாயின் அதையே அளிப்போம்.

யானையும் பொன்னும் நீட்டியவர்களின் அன்பு பொய்யன்று. ஆயினும் பசி தீர்த்தது கருப்பஞ்சாறே. அவ்வறிவோடு இவ்வாண்டின் தானத்தைத் தொடங்குவோம். அதற்கு இந்த அறக்கட்டளையின் மகளிர் அணி முன்வர வேண்டும் என வேண்டி அமைகிறேன்.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! ஜெய் ஜினேந்திரா!