தரிசும் கணக்கில் வர வேண்டும்



நாம் கூடியிருக்கும் வ. புதுப்பட்டி என்ற ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் புதுப்பட்டி என்று பெயர் கொண்ட ஊர்கள் ஏராளம். அந்தந்த வட்டாரத்துக்குள் 'புதுப்பட்டி' என்று சொன்னாலே போதும், யாருக்கும் குழப்பம் வராது. தபாலோ கோப்போ வட்டாரத்தைத் தாண்டும்போதுதான் முன்னால் 'வ.' என்ற ஓரெழுத்து தேவைப்படுகிறது. வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டி என்பதை அந்த எழுத்து சொல்லிவிடுகிறது. ஐபி முகவரியில் நாம் முன்னொட்டு என்று அழைக்கும் பகுதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. தரைவழித் தொலைபேசியில் இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 04563 என்ற எண் பொது. சென்னையிலிருந்து அழைப்பை அனுப்பும் இணைப்பகம் இவ்விரு ஊர்களின் ஒவ்வொரு தொலைபேசியையும் அறிந்திருக்க வேண்டியதில்லை; 04563 எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், மீதியை இங்குள்ள இணைப்பகம் பார்த்துக்கொள்ளும். ஓர் அமைப்பு தன் ஐபி முகவரிகளைத் தொகுதிகளாக வகுத்து, யாருக்கு எது என்று முடிவு செய்து, அந்த ஒழுங்கைப் பல்லாண்டு காத்துவருவது எப்படி என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைப்பின் முகவரிப் பரப்பு முழுவதும், பயன்பாட்டில் இருப்பதும் வெறுமையாகக் கிடப்பதும் சேர்த்து, ஒரே பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ரூட்டரும் சர்வரும் அந்தப் பதிவேட்டின்படி நடக்க வேண்டும். அவை நடப்பதைப் பார்த்துப் பின்னால் பதிவேட்டை எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இங்குள்ளவர்கள் அறிந்ததுதான். 1981-இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 முகவரி 32 இருமக் குறிகள் கொண்டது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். தொடக்கத்தில் அவை பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவுகளில் மட்டுமே வழங்கப்பட்டன. 1.67 கோடி, 65,536, 256 ஆகியவற்றில் ஒன்றைத்தான் ஓர் அமைப்பு பெற முடியும். 1993-இல் இந்தக் கட்டு தளர்ந்து, வேண்டிய இடத்தில் கோடு கிழித்துப் பிரிக்கும் முறை வந்தது. 2011 பிப்ரவரி 3-இல் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமும் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. இந்தியாவுக்கென்று ஐஆர்ஐஎன்என் பதிவகம் 2012-இல் செயல்படத் தொடங்கியபோது பந்தியில் பரிமாற மிச்சம் அதிகமில்லை. பெரும்பாலான அமைப்புகள் 10 என்று தொடங்கும் தனியார் பரப்பிலும் 192.168 பரப்பிலும் குடியேறியது இந்தப் பின்னணியில்தான். வெளியே எண் அரிதானது. உள்ளே எண் இலவசமானது. இலவசமானதற்கு எதற்குக் கணக்கு என்ற மனப்பான்மை அங்கே பிறந்தது.

நம் மாநிலத்தில் நிலத்துக்குக் கணக்கு வைக்கும் முறை இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தைத் தருகிறது. வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றுக்கும் 'அ' பதிவேடு உண்டு. அதில் பட்டாதாரின் நஞ்சை, புஞ்சை மட்டும் இருப்பதில்லை. கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, தரிசு, புறம்போக்கு எல்லாமே புல எண்ணும் பரப்பளவும் பெற்று வரிசையில் நிற்கின்றன. பரப்புகளைக் கூட்டினால் கிராமத்தின் மொத்தப் பரப்பு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. யாருக்கும் கொடுக்காத நிலமும் எண் பெற்றிருப்பதால்தான் ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கே பொருள் உண்டாகிறது. பாகப் பிரிவினை நடந்தால் 45 என்ற புலம் 45/1, 45/2 என்று உட்பிரிவாகிறது; தாய் எண் மறைவதில்லை, எதிலிருந்து எது பிரிந்தது என்பது எண்ணிலேயே தெரிகிறது. பட்டா கைமாறும், ஆனால் புல எண் அப்படியே நிற்கும். பல நிறுவனங்களில் எக்செல் தாளில் இருக்கும் முகவரிப் பட்டியல், கூட்டினால் மொத்தம் வருகிறதா என்ற முதல் சோதனையிலேயே தோற்றுவிடும். அதில் கொடுத்தது மட்டும் இருக்கும், கொடுக்காதது இருக்காது. ஆகவே ஒரு தொகுதி காலியாக இருக்கிறதா, அல்லது எழுத மறந்த ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாரா என்பதை அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வெறும் உவமையாக இது நின்றுவிடக் கூடாது என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் உண்மையான முகவரிப் பங்கீடு இதுவன்று. அளவு புரிவதற்காக நானே போடும் கணக்கு. ஓர் ஊராட்சிக்கு 256 முகவரிகள், அதாவது ஒரு /24 என்று கொள்வோம். 10.0.0.0/8 பரப்பில் இத்தகைய தொகுதிகள் 65,536 உள்ளன. தேவை 12,525. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, தாராளமாக இருக்கிறது என்று தோன்றும். இப்போது அதை மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று அடுக்குவோம். சென்னையில் கிராம ஊராட்சி இல்லை என்பதால் 37 மாவட்டங்கள். இருமத்தில் பிரிப்பதால் 37-க்கு 64 இடம் ஒதுக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். அதை அளவுகோலாகக் கொண்டு மாவட்டத்துக்கு 16 ஒன்றிய இடங்களும் ஒன்றியத்துக்கு 64 ஊராட்சி இடங்களும் வைப்போம். 64, 16, 64 ஆகியவற்றைப் பெருக்கினால் சரியாக 65,536. மாநிலத்தின் ஊராட்சிகளுக்கு மட்டுமே 10 பரப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. அதில் நூற்றுக்கு எண்பது வெறுமையாகக் கிடக்கிறது. இதோடும் முடியவில்லை. 18 ஒன்றியங்கள் கொண்ட திருவண்ணாமலை இந்தத் திட்டத்துக்குள் அடங்கவே அடங்காது. 35 ஊராட்சிகளே உள்ள நீலகிரிக்கோ 1,024 தொகுதிகள் போய்ச் சேர்ந்திருக்கும்.

பரப்பு போதாமல் இந்தத் தட்டுப்பாடு வரவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு என்று வகுத்ததாலும், நிருவாக அடுக்கை அப்படியே எண்ணில் ஏற்றியதாலும் வந்தது. நீலகிரிக்கு 64 தொகுதிகள் கொண்ட /18, விருதுநகருக்கு 512 கொண்ட /15, 860 ஊராட்சிகள் உள்ள திருவண்ணாமலைக்கு 1,024 கொண்ட /14 என்று ஆளுக்குத் தக்க அளவு கொடுத்தால் மாநிலம் முழுவதும் அடங்கி, வளர்ச்சிக்கும் இடம் மிஞ்சும். ஆனால் அளவுகள் ஒன்றுபோல் இல்லாதபோது எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிட முடியாது. பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். சிக்கனத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. கொடுக்கத் தகுந்த விலை என்பது என் கருத்து.

நிருவாக அடுக்கை எண்ணில் ஏற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் வடிவமைப்பாளர்களுக்கு இது மிகவும் பிடித்த வழி. இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு இராமநாதபுரத்தில் இருந்தது, 1985-இல் பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்துக்கு வந்தது; அம்மாவட்டத்தின் இன்றைய பெயர் விருதுநகர். வத்திராயிருப்பு பின்னர் தனி வட்டமாயிற்று. வ. புதுப்பட்டி பேரூராட்சி என்பதால் ஊராட்சிகளுக்கு மட்டும் போட்ட மேற்கண்ட திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இருபுறமும் உள்ள ஊராட்சிகளுக்குப் போகும் ஒளியிழை இதன் வழியாகப் போனாலும் இல்லை. நிறுவனங்களின் துறைப் பிரிவுகள் மாவட்ட எல்லைகளைவிட வேகமாக மாறும். ஆனால் கேபிள் போகும் வழி அவ்வளவு எளிதில் மாறாது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீர் கண்மாய்க்குக் கண்மாய் இறங்கிப் போகும்போது எந்த வட்டம் என்று பார்ப்பதில்லை, மட்டத்தைத்தான் பார்க்கிறது. ஒரு மடைக்குக் கீழ் உள்ள ஆயக்கட்டு அந்த மடையின் கணக்கில்தான் சேரும். முகவரித் தொகுதியும் அப்படியே. ஒரே கேபிள் வழியாக வெளியேறும் எல்லாக் கிளைகளும் ஒரே முன்னொட்டுக்குள் அடங்க வேண்டும். அப்போதுதான் மேலேயுள்ள ரூட்டருக்கு ஒரு வரி போதும். துறை, பதவி, கட்டடத்தின் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டின் பத்தியில் எழுதலாம், எண்ணுக்குள் திணிக்க வேண்டாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். தனியார் பரப்பு ஒவ்வோர் அமைப்புக்கும் முழுதாகக் கிடைக்கிறதே, இந்தச் சிக்கனமும் பதிவும் எதற்கு என்பது முதலாவது. தனியாக இருக்கும்வரை இந்த வாதம் நிற்கும். இராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளையோ சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி உற்பத்தியையோ நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆலைகள் ஒரே நிருவாகத்தின்கீழ் வருகின்றன, இரண்டிலும் 192.168.1.0/24 இருக்கிறது. அலுவலகக் கணினிகளின் எண்ணை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். இயந்திரத்தை இயக்கும் பிஎல்சிக்குள் எழுதப்பட்ட எண்ணை மாற்ற ஓட்டத்தை நிறுத்த வேண்டும், இயந்திரத்தை விற்றவரின் பொறியாளர் வர வேண்டும். இடையில் எண்மாற்றுக் கருவி ஒன்றை வைத்து ஒப்பேற்றலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரே சாதனத்துக்கு இரண்டு எண்கள், பழுது வரும்போது எந்த எண்ணைத் தேடுவது என்ற குழப்பம் நிரந்தரம். தனியார் பரப்பை வகுத்த 1996-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 ஆவணமே இந்த ஆபத்தைக் கூறி, பரப்பிலிருந்து தொகுதிகளைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்குமாறு அறிவுறுத்தியது. அநேகமாக யாரும் கேட்கவில்லை. 2005-இல் ஐபிவி6-க்குத் தனியார் பரப்பு வகுத்தபோது அறிவுரையோடு நிறுத்தாமல், முன்னொட்டில் 40 இருமக் குறிகளைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதியாகவே வைத்தார்கள். 'வ.' என்ற எழுத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள் என்பதுதான் அந்த விதியின் பொருள்.

டிஎச்சிபி தானாக எண் வழங்குகிறதே என்பது அடுத்தது. அது ஒரு வட்டத்துக்குள் எண்களைக் குத்தகைக்கு விடுகிறது, உண்மை. அந்த வட்டத்தை வரைந்தது யார், பக்கத்து வட்டத்தோடு மோதாது என்று உறுதி செய்தது யார் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை. எந்த நேரத்தில் எந்த எண் எந்தச் சாதனத்திடம் இருந்தது என்பதையும் குத்தகைப் பதிவைப் பாதுகாத்தால்தான் சொல்ல முடியும். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. நூறு பேர் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும் வளாகத்தில், வெளியிலிருந்து வரும் புகாருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால் மூன்று பதிவுகள் ஒத்துப்போக வேண்டும்: எண்மாற்றுப் பதிவு, குத்தகைப் பதிவு, தொகுதிப் பதிவேடு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் பழி யார் மீதாவது விழும். பெரும்பாலும் குரல் எழுப்ப முடியாதவர் மீது விழும். அதனால்தான் இதை நான் வெறும் தொழில்நுட்பச் சீர்மையாகக் கருதவில்லை.

ஐபிவி6 வந்த பிறகு எண்ணுக்குப் பஞ்சமில்லை, பதிவேடு தேவையற்றுப்போகும் என்ற மூன்றாவது வாதத்தைத்தான் நான் மிகவும் கவனமாக மறுக்க விரும்புகிறேன். ஓர் அமைப்புக்கு /48 கிடைத்தால் அதற்குள் 65,536 சப்நெட்கள், ஒவ்வொன்றிலும் இருபது இலக்க எண்ணிக்கையில் முகவரிகள். பஞ்சம் இல்லைதான். ஆனால் இதுவரை பதிவேடு தவறினாலும் நம்மைக் காப்பாற்றியது ஒரு குறுக்குவழி. /24-இல் உள்ள 254 முகவரிகளையும் சில நொடிகளில் தட்டிப் பார்த்து யார் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஐபிவி6 சப்நெட்டை அப்படித் தட்டிப் பார்த்து முடிக்க யாராலும் ஆகாது. சாதனங்களோ தனியுரிமைக்காகத் தம் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. கிராமம் சிறிதாக இருந்தபோது நடந்து பார்த்தே எல்லையைச் சரிபார்க்க முடிந்தது. காடு பெருகிவிட்டால் வரைபடம் இல்லாமல் முடியாது. எண் பெருகப் பெருகப் பதிவேட்டின் தேவை கூடுகிறது.

வெறுமையை ஒதுக்கி வைப்பதே வீண் அல்லவா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 18 என்று தொடங்கும் 1.67 கோடி முகவரிகளைப் பல பத்தாண்டுகள் தன்னிடம் வைத்திருந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம், 2017-இல்தான் அதில் ஒரு பகுதியை விற்க முன்வந்தது. ஒரு பல்கலைக்கழகத்திடம் அத்தனை எண் கிடந்தபோது ஆசிய நாடுகள் சிறு தொகுதிகளுக்குக் காத்துக் கிடந்தன என்பது மறக்கத் தக்கதன்று. பொதுப் பரப்பில் பதுக்கல் தவறுதான். அமைப்பின் உட்பரப்பில் நிலைமை வேறு. ஒரு கிளைக்கு /24 கொடுத்து அதன் இணைத் தொகுதியை அடுத்தவருக்குக் கொடுக்காமல் விட்டால், நாளை கிளை வளரும்போது வரப்பை ஓரடி நகர்த்தி /23 ஆக்கிவிடலாம். ரூட்டரில் வரிகளின் எண்ணிக்கை அதிகரிக்காது. ஆனால் அந்தத் தரிசு எதற்காக, யாருக்காக, எந்தத் தேதிவரை என்று பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். காரணம் எழுதாத ஒதுக்கீடு நாளடைவில் பதுக்கலாகிவிடும்.

நாற்பது கணினி உள்ள பள்ளிக்கு இவ்வளவும் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு தாள் போதும். இரண்டாவது கட்டடத்துக்குக் கேபிள் இழுக்கும் நாளில் பதிவேடு தொடங்கினால் சரியாக இருக்கும். எந்த மென்பொருளில் என்பது இரண்டாம் கேள்வி. யார் பொறுப்பு, ஆண்டுக்கு ஒரு முறை யார் சரிபார்ப்பது என்பதே முதலில் முடிவாக வேண்டும். கிராமக் கணக்குக்கு ஜமாபந்தி இருப்பதுபோல முகவரிக் கணக்குக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். அன்று பதிவேட்டையும் ரூட்டிங் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இன்றைய அமர்வுகள் பெரும்பாலும் முகவரியைக் கொடுப்பது பற்றியே பேச இருக்கின்றன. திரும்பப் பெறுவதையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஒரு சாதனம் கழற்றப்பட்ட பின் அதன் எண்ணை எத்தனை நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம்? பதிவுகளைக் காக்கும் 180 நாட்கள் முடியும்வரை கொடுக்கக் கூடாது என்பது என் முன்மொழிவு. அதைவிடக் குறைந்த காலம் போதும் என்று கருதுபவர்கள் முதல் அமர்விலேயே காரணத்தோடு எழுந்து பேச வேண்டும்.