ஒரு கிலோ காப்பித்தூள், ஏழு கிலோ பழம்
(வானொலியில் பேசியது)



நெல்லுக்கும் கடலைக்கும் கட்டுபடியாகிற விலை வேணும்னு நாம கேக்கிறோம். நியாயம்தான். ஆனா காலையில் நாம குடிக்கிற காப்பியை விளைவிச்சவரும் ஒரு விவசாயிதானே? ஏற்காட்டிலோ, கொல்லிமலையிலோ, தாண்டிக்குடிப் பக்கமோ ரெண்டு மூணு ஏக்கர் வெச்சிருக்கிறவர். தூள் வாங்கும்போது அவருக்கு என்ன கிடைச்சதுன்னு பார்க்கிறோமா? அதைப் பார்க்க ஒரு கணக்கு இருக்கு.

சுமார் 6 கிலோ பழம் பறிச்சால்தான், தோலும் சதையும் ஓடும் போய் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். வறுக்கிறபோது நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எடை குறையும். ஆக, சிக்கரி கலக்காத ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 7 கிலோ பழம். மலையில் பழம் கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு விசாரிச்சு, ஏழால் பெருக்குங்க. கடையில் கொடுத்த காசுக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வறுகூலி, அரைகூலி, வண்டி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் நடுவில் வேண்டியதுதான். அதுக்கும் மேலே பெரிய இடைவெளி தெரிஞ்சா, எங்கேயோ விவசாயி பங்கு கரையுதுன்னு அர்த்தம்.

ஏன் கரையுது? பறிச்ச பழம் காத்திருக்காது. அன்னைக்கே தோல் உரிக்காட்டா புளிச்சுப் போகும். உரிக்கிற பல்பர் மெஷின் இல்லாதவர், வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார். பூக்கிறபோதே முன்பணம் வாங்கினவருக்கு விலை பேச வாயே இல்லை.

முன்பு காப்பி வாரியமே கொட்டையை மொத்தமாக வாங்கி விற்றது. பணம் தவணை தவணையா வரும்னு விவசாயிகளுக்குக் குறை உண்டு. 1996-ல் அது முழுக்க நீங்கி, யாருக்கும் விற்கலாம்னு ஆச்சு. சுதந்திரம் வந்தது, கூடவே உலகச் சந்தையின் ஏற்ற இறக்கமும் வாசலுக்கு வந்தது. 2001-ல் விலை சரிஞ்சபோது பறிகூலிக்கே கட்டாமல் திண்டாடினவர்கள் பலர்.

வெளிநாட்டில் இதுக்கு ஒரு வழி செஞ்சிருக்காங்க. ஃபேர்டிரேடு என்கிற முத்திரை. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு, பவுண்டு ஒன்றுக்கு 1.80 டாலர் அடி விலைன்னு 2023-ல் வெச்சாங்க. பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். சந்தை விலை அதுக்கு மேலே போனா சந்தை விலையே கிடைக்கும். அதுபோக 20 சென்ட் விவசாயிகள் சங்கத்துக்குத் தனியா வரும். ஆனா எல்லா முத்திரையும் ஒண்ணில்லை. காடு, தண்ணீர், கூலியாள் நலம் பார்க்கிற முத்திரைகள் நல்லவைதான். அவை எல்லாமே அடி விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

சரி, வாங்குகிற நாம என்ன செய்யலாம்?

ஒண்ணு, பாக்கெட்டைப் படிங்க. காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்குன்னு போட்டிருக்கணும். காப்பி 51 பங்குக்குக் குறையக் கூடாதுன்னு சட்டம். பாதி சிக்கரின்னா நம்ம ஏழு கிலோ கணக்கும் பாதியாகும். சிக்கரியும் ஒரு விவசாயி விளைச்சல்தான்; ஆனா காப்பிக்கான விலையை அதுக்குக் கொடுக்க வேண்டாம்.

ரெண்டு, கொட்டை எந்த மலை, யாரிடம் வாங்கினீங்கன்னு கடைக்காரரைக் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா அவரும் விசாரிப்பார்.

மூணு, விவசாயிகள் சங்கமே விற்கிற தூள் கிடைச்சா அதை வாங்குங்க.

காப்பி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழுத்த பழத்தை மட்டும் பறிங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு பல்பர் போட்டு, நல்லா உலர்த்தி, பார்ச்மென்ட்டாக வித்தா, ராத்திரியோட ராத்திரியாத் தள்ளிவிட வேண்டிய அவசரம் போயிடும். தராசும் கணக்கும் எல்லார் கண் முன்னாலும் இருக்கட்டும். ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்கின் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து தரம் காத்தாங்க. 2017-ல் அவங்க காப்பிக்குப் பாரிஸ் நகரத்திலேயே கடை திறந்தது. 2019-ல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

விளைவிக்கிறவன் வயிற்றெரிச்சலை இன்னொரு விவசாயிதான் முதலில் உணர முடியும். அடுத்த முறை தூள் வாங்கும்போது அந்த ஏழு கிலோ பழத்தை ஞாபகம் வெச்சுக்குங்க.