விடுபட்ட பதிவைத் தேடுதல்



பட்டறையில் ஒரு சம்மட்டி காணாமற் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதை எடுக்க நீண்ட கை வெறுமையாகத் திரும்பும். கணிப்பொறியில் ஒரு பதிவு காணாமற் போனாலோ எளிதில் தெரிவதில்லை. இல்லாத பதிவு தன் இல்லாமையைத் தானே வந்து சொல்வதில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பம்புசெட்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பது பழைய வழக்கம். இப்போது அதை வேலை மேலாண்மை மென்பொருள் செய்கிறது. மோட்டார் வந்து சேர்ந்ததும் அதற்கு ஒரு வேலை எண் இடப்படுகிறது. மோட்டார் யாருடையது, காயில் கட்டியவர் யார், எத்தனை மணி நேரம் உழைத்தார், செப்புக் கம்பி எவ்வளவு செலவாயிற்று, வேலை என்று முடிந்தது, பில் எவ்வளவு என்பனவெல்லாம் அந்த எண்ணின்கீழ்த் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்கின்றன. உழைத்த நேரம் விடுபட்டால் தொழிலாளியின் கூலி குறையும். பில் விடுபட்டால் பட்டறைக்கு நட்டம். ஒரே பில் இருமுறை பதிவானால் வாடிக்கையாளர் வாங்காத கடனுக்குப் பொறுப்பாளி ஆவார்.

தேடும் முறைகளுள் முதலாவது வரிசை எண்ணைப் பார்ப்பது. வேலை எண்கள் 1 முதல் 500 வரை சென்றிருக்க, பதிவுகள் 497 மட்டுமே இருந்தால், எஞ்சிய மூன்றும் எங்கே என்று கேட்க வேண்டும். ஆனால் பல தரவுத்தளங்களில், ஒருவர் பதிவைத் தொடங்கிப் பாதியிலே கைவிட்டால், அதற்கென ஒதுக்கிய எண் மீண்டும் பயன்படுவதில்லை. ஆகவே எண்ணின் இடைவெளி ஒரு கேள்வியே அன்றித் தீர்ப்பு ஆகாது.

இரண்டாவது, உறவு அறுந்த பதிவுகளைத் தேடுவது. செய்திகளை அட்டவணைகளாக அமைத்து அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கொள்கையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையைச் சுட்டினால், சுட்டப்பட்டது அங்கே இருந்தே தீர வேண்டும் என்பது அக்கொள்கையின் விதிகளுள் ஒன்று. இவ்விதியை வற்புறுத்தாத மென்பொருளிலும், பழைய கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போதும் உறவு அறுந்துபோவதுண்டு. ஆதலின் இரு திசையிலும் தேட வேண்டும். வேலை எண் இல்லாத உழைப்பு நேரம் உண்டா? முடிந்தும் பில் எழுதப்படாத வேலை உண்டா?

மூன்றாவது, முரண்பாட்டைத் தேடுவது. தொடங்கிய நாளுக்கு முன்பே முடிந்த வேலை, ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் உழைத்த தொழிலாளி, ஒரே நிமிடத்தில் ஒரே தொகைக்கு எழுந்த இரு பில்கள் ஆகியவை தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, மொத்தத்தை ஒப்பிடுவது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை லூக்கா பச்சோலி 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில் விளக்கினார். இரு பக்கமும் சமமாக வரவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. எனினும் ஒரு பிழையை மற்றொரு பிழை மறைத்துவிடலாம். ஆகவே தொகையோடு பதிவுகளின் எண்ணிக்கையையும் பார்ப்பது நலம்.

இந்த நான்கும் மென்பொருளுக்குள்ளேயே தேடுவன. தொடக்கத்திலேயே பதியப்படாத வேலையை இவற்றால் காண இயலாது. அதற்கு வெளிச்சாட்சி வேண்டும். வாயிற்காவலரின் வருகைப் புத்தகம், செப்புக் கம்பியின் இருப்புக் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒரே கை ஒரே நேரத்தில் நிரப்பிய இரண்டு அட்டவணைகள் இரண்டு சாட்சிகள் ஆகமாட்டா.

வெளிச்சாட்சியைத் தேடாமல் மென்பொருளின் சொல்லை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனின் அஞ்சல் துறையே சான்று. அங்கே 1999-ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் மென்பொருள் அஞ்சல் நிலையங்களில் அமைக்கப்பட்டது. கிளை நிலையங்களை நடத்தியோர் பலரின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. அது எவ்வாறு நேரக்கூடும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டனில் வெளிப்பட்ட பிழை ஒன்றே போதும். பணம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்கையில் திரை நகரவில்லை. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த நேர்ந்தது. 8,000 பவுன் நான்கு முறை பதிவாகி, 24,000 பவுன் குறைவதாகக் கணக்கு காட்டிற்று. வந்த பணம் ஒன்று, பதிவுகள் நான்கு!

ஹொரைசன் காட்டிய கணக்கைச் சான்றாகக் கொண்டு 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வாழ்வை இழந்தனர். 2019 டிசம்பரில்தான், 555 பேர் தொடுத்த வழக்கில், அம்மென்பொருளின் பிழைகளால் கணக்கில் வேறுபாடு தோன்றக்கூடும் என்று உயர்நீதிமன்றம் கூறிற்று. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றே இயற்றி மேலும் பலரை விடுவித்தது.

நண்பர்களே, நாளை உங்களில் பலர் அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் இத்தகைய பதிவுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். கணக்கில் வேறுபாடு கண்டால், யார் எடுத்தார் என்று கேட்பதற்கு முன், பதிவு எவ்வாறு உண்டாயிற்று என்று கேளுங்கள். பிழையைத் திருத்துமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பழைய பதிவை அழிக்காமல், திருத்தியவர் யார், திருத்திய நாள் எது, காரணம் யாது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இவை சிறிய பழக்கங்களே. ஆயினும் ஒரு தொழிலாளியின் கூலியும், சில வேளைகளில் ஒரு நேர்மையாளரின் நற்பெயரும், இவற்றாலேயே காக்கப்படும்.