சுவரின் மேல் பூசிய வர்ணம்



சூடானிலிருந்து சென்ற முஸ்லிம் குடும்பமொன்று, இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் வீடமைப்புச் சங்கமொன்றின் மாடி வீட்டில் வாடகைக்கு வசித்தது. சுவரில் பூஞ்சணம் படர்வதாக 2017இல் தந்தை முறையிட்டார். அதன்மேல் வர்ணம் பூசிக்கொள்ளுமாறே பதில் கிடைத்தது. 2020இல் அவர் சட்டத்தரணியை நாடினார். சட்டத்தரணிகளோடு உடன்பாடு காணும்வரை திருத்த வேலையைத் தொடங்காதிருப்பது அச்சங்கத்தின் அன்றைய நடைமுறையாம்! நீதி தேடியதே மேலும் தாமதத்துக்குக் காரணமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவரது மகன் அவாப் இஷாக் மரணித்தான். வயது இரண்டே. வீட்டுப் பூஞ்சணத்தால் நேர்ந்த சுவாச நோயே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

பெற்றோர் ஓயவில்லை. அவர்கள் கோரிய 'அவாப் சட்டம்' 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் அமுலுக்கு வந்தது. அவசர ஆபத்தெனில் 24 மணித்தியாலங்களுக்குள் நடவடிக்கை. பாரதூரமான ஈரக்கசிவும் பூஞ்சணமுமெனில் 10 வேலை நாட்களுக்குள் பரிசோதனை.

வாடகையைத் திகதி தவறாது பெறுவோர் நம்மிலும் உளர். கூரை ஒழுகுவதாகக் குடியிருப்பவர் சொன்ன திகதி அவர்களுக்கு நினைவிருக்கிறதா? இளைஞர்களே, வாடகை வீட்டில் வாழ்வோராயின், வாப்பாவின் முறைப்பாட்டை நீங்களே எழுத்தில் வரைந்து கொடுங்கள். திகதியிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.