பழைய ஸ்பானர்கள்



தபால் தலை சேர்ப்போரை நீங்கள் அறிவீர்கள். நான் சேர்ப்பவை பழைய ஸ்பானர்கள். ஓய்வு பெற்றபின் பழைய இரும்புக் கடைகளே எனக்குப் பள்ளிக்கூடமாயின.

ஒவ்வொரு ஸ்பானரும் ஓர் இடையூற்றுக்கு ஒருவர் கண்ட விடையாகும். கைப்பிடி வளைந்திருந்தால், நேரான பிடி நுழையாத இடுக்கில் அது வேலை செய்தது என்று உணரலாம். முன்னாளில், வாயின் அளவை மாற்றத்தக்க ரெஞ்சுகள் சிலவற்றுக்கு இரு கைகளும் வேண்டியிருந்தன. அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்து லோரிங் கோஸ் என்பவர், பிடித்த கையின் கட்டை விரலாலேயே திருகும்படி ஒன்றை அமைத்து, 1841-இல் காப்புரிமை பெற்றார். உருண்டையான குழாயை வழவழப்பான தாடை பற்றாது, வழுக்கிவிடும். 1869-இல் டேனியல் ஸ்டில்சன் காப்புரிமை பெற்ற பைப் ரெஞ்சோ, இழுக்க இழுக்கப் பற்களால் இறுகக் கவ்வும்.

இத்தகைய கருவிகளின் மேல் செய்தவர் பெயரும் காப்புரிமை நாளும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அவ்வெழுத்துக்களே அவற்றின் பிறப்புச் சான்று.

இதனை அறியாமல், எனக்கு முதன்முதல் கிடைத்த ரெஞ்சை உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். துருவோடு எழுத்தும் போயிற்று. பளபளப்பு மட்டும் எஞ்சியது. அதைச் செய்தவர் யார், செய்தது எந்நாள் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்திருந்தால் ஒருவேளை எழுத்துத் தப்பியிருக்கும்.

ஆகவே, பழம்பொருள் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதைப் படியுங்கள், பிறகு துடையுங்கள்.